பறுவத்தன்று எங்க போறியள்?

சுவிற்சர்லாந்தின் அரசியலமைப்பில் 88ஆவது உறுப்புரை நடைபாதைகளைப் பற்றியது. 1979ஆம் ஆண்டு அந்த நாட்டுச் சனத்திடம் வாக்குக் கேட்டு, சனமும் ஓம் என்று சொல்லி, நடந்து திரிவதற்கான பாதைகளை நாட்டின் மூலச் சட்டத்திலேயே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அப்படிப் பராமரிக்கிற பாதைகள் 65,000 கிலோமீற்றர் வரும். சந்திக்குச் சந்தி மஞ்சள் பலகை நிற்கும். அதில் தூரம் இருக்காது. எத்தனை மணித்தியாலம், எத்தனை நிமிடம் என்று நேரத்தைத்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் இலங்கையின் 1978 அரசியலமைப்புக்கும் ஏறக்குறைய அதே வயது. அதன் 14ஆவது உறுப்புரையில் நடமாடும் சுதந்திரம் என்று ஒன்று உண்டு. எதன் மேலே நடமாடுவது என்பதை ஆளாளுக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவிட்டார்கள். பலகை எங்களிடமும் இருந்தது, முகமாலைப் பக்கம் நெடுங்காலம் இருந்தது. சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம், கீழே மிதிவெடி என்று எழுத்து. அதில் நேரமும் இல்லை, தூரமும் இல்லை.

இந்த 88ஆவது உறுப்புரையின் கீழ் பிறந்து வளர்ந்தவன் என் மருமகன். பேர்ண் நகரத்தில் இருக்கும் தங்கச்சியின் ஒரே மகன். 2025 ஜனவரியில் பொங்கலுக்கு ஊரைப் பார்க்க வந்தான். நாங்கள் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம். வந்த அன்றைக்கே தேநீர் குடித்துக்கொண்டு கலண்டரைப் பார்த்தான்.

"மாமா, 13ஆம் தேதி பௌர்ணமி. இங்கே இரவு நடைக்கு யார் வழிகாட்டி?"

அவனுடைய நாட்டில் மாரி காலத்தில் இது ஒரு பொழுதுபோக்காம். பனி மூடிய மலையில், காலில் தட்டுப்போல அகலமான ஒன்றைக் கட்டிக்கொண்டு, முன்னுக்கு ஒரு வழிகாட்டி நடக்க, பின்னுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகப் போவார்கள். விளக்குப் பிடிக்கக் கூடாது, சத்தமாகக் கதைக்கக் கூடாது, நிலவு வெளிச்சம் மட்டும்தான். இரண்டு மணித்தியாலம் ஏறி, உச்சியில் இருக்கும் கொட்டிலில் சீஸ் உருக்கிய சட்டியைச் சுற்றியிருந்து பாண் துண்டைத் தோய்த்துத் தின்றுவிட்டு இறங்கி வருவார்கள். ஆளுக்கு எண்பது, தொண்ணூறு பிராங்க்.

மாமி, அதாவது என் மனைவி, இதை முழுக்கக் கேட்டாள். "பாணைத் தோய்ச்சுத் தின்ன மலைக்கு ஏன் மோனை ஏறவேணும்?" என்றாள். அவனிடம் மறுமொழி இல்லை. சுவிஸ் மக்களிடமும் இருக்காது என்று நினைக்கிறேன்.

பறுவம், அவன் சொன்ன பௌர்ணமி, இந்த நாட்டில் சாதாரண விஷயமில்லை. மாதாமாதம் அரச விடுமுறை. சாராயக் கடை பூட்டு, இறைச்சிக் கடை பூட்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதைவிடப் பெரிய கூத்து ஒன்று நடந்தது. 1966 முதல் 1971 வரைக்கும் இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே கிடையாது. பறுவம், அமாவாசை, இரண்டுக்கும் நடுவில் வரும் அட்டமி என்று சந்திரனைப் பார்த்துத்தான் வார விடுமுறை விட்டார்கள். பிறை தேய்ந்தால் லீவு, வளர்ந்தால் லீவு. எந்தக் கிழமை பள்ளிக்கூடம், எந்தக் கிழமை வீடு என்று எங்கள் அப்புவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நாங்கள் சொன்னதை நம்பினார். எங்கள் படிப்பு இந்த மட்டில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த ஜனவரிப் பறுவம் இன்னும் விசேஷம். அன்றைக்குத்தான் திருவாதிரை, அடுத்த நாள் தைப்பொங்கல். ஊரில் ஒரு மனிசருக்கும் நேரமில்லாத இரவு. ஒரேயொரு வசதி, காடு தெரிந்த ஆட்கள் எல்லாரும் அன்றைக்கு நிதானமாக இருப்பார்கள். கடை பூட்டு அல்லவா.

ஆனாலும் நான் அவனை வைகாசிக்குத் திருப்பப் பார்த்தேன். "மருமோன், வழிகாட்டி, பறுவம், இரவு நடை எல்லாம் ஒண்டாக் கிடைக்கிற இடம் எங்களிட்டையும் இருக்கு. நாலு மாசம் பொறுத்துக்கொள்" என்றேன். நான் சொன்னது வற்றாப்பளையை. வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் திங்கட்கிழமை இரவு கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னமே கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள். பொங்கலன்று அங்கிருந்து மடைப்பண்டம் புறப்பட்டு வற்றாப்பளைக்கு நடந்து போகும். மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் ஈழத்துக்கு வந்து, இடம் இடமாகத் தங்கி, பத்தாவதாக நந்திக்கடல் ஓரத்தில் வந்து இருந்தாள் என்பது கதை. மாடு மேய்த்த பெடியள் ஒரு கிழவியைக் கண்டு, கொட்டில் போட்டுக் கொடுத்து, பொங்கியும் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றதற்குக் கடல் தண்ணியை அள்ளி ஊற்றச் சொன்னாள் கிழவி, விளக்கு எரிந்தது. பிறகு தலை கடிக்குது, பேன் பார் என்றாள். தலைமயிரை விலக்கிப் பார்த்தவனுக்குத் தலை நிறையக் கண். அந்தப் பெடியள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று கதை சொல்வதில்லை. நான் என்றால் புதுக்குடியிருப்பில்தான் நின்றிருப்பேன்.

அந்தப் பொங்கல் இரவில் சனம் நடக்கும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் பஸ்ஸிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் வந்து இறங்கி, மிச்சத்தை நடந்தே தீர்க்கும். றோட்டு நீளத்துக்கும் தண்ணீர்ப்பந்தல், மோர், சர்க்கரைத் தண்ணி, தூக்குக் காவடி, பறை. திரும்பும்போது கையில் கச்சான் பை இல்லாமல் வந்தால் நீங்கள் வற்றாப்பளைக்குப் போனதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். வழிகாட்டி தேவையில்லை, முன்னுக்குப் போகிறவரின் முதுகே போதும். நான் இவ்வளவும் சொல்லி முடிக்க, "அதில் அமைதி இருக்காதே, மாமா" என்றான் மருமகன். வன்னியில் அமைதிக்கு ஆசைப்பட்டு ஒருவன் விமானம் ஏறி வந்திருக்கிறான் என்றால் காலம் மாறித்தான் போய்விட்டது. சண்டைக் காலத்தில் கிளாலிக் கடலை இரவில் படகில் கடந்த நாட்களில், நிலவு எறிக்கிறதென்று வானத்தைப் பார்த்துத் திட்டியவர்கள் நாங்கள். அப்போதெல்லாம் எங்களுக்கு அமாவாசைதான் நல்ல நாள்.

அவன் விடவில்லை. காட்டுக்குள் போவோமா என்றான். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்கா ஆகிவிட்டது, பொழுதுபட்ட பிறகு அதற்குள் போகேலாது என்றேன். பூங்கா இல்லாத காடு என்றான். மாரி மழைக்குப் பிறகு காட்டுப் பாதை எல்லாம் குழைந்து கிடக்கும், சூரை முள் நிற்கும், புடையன் படுத்திருக்கும், பற்றைக்குள் கட்டில்லாத பழங்கிணறு வாயைப் பிளந்துகொண்டு இருக்கும் என்றேன். சரி, அப்ப வயல் என்றான். பேச்சுவார்த்தை அந்த இடத்தில் முடிந்தது. வழிகாட்டி நான்தான் என்றும் தீர்மானமாயிற்று. முப்பது வருடம் பூமிசாத்திரம் படிப்பித்தவன் என்பதைத் தவிர அதற்கு எனக்கு வேறு தகுதி இல்லை.

புறப்படும்போது எங்கள் இருவரையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு இருபத்திரண்டு பாகை இருக்கும். அவன் கைகட்டை பெனியன். நான் சுவெற்றர், அதற்கு மேலே மப்ளர், காதை மூடிய தொப்பி. "தலையில பனி விழுந்தா நாளைக்குத் தடிமன்" என்று மாமி அவனுக்கும் ஒரு துவாயைச் சுற்றிவிட்டாள். அவன் இரண்டு கையிலும் இரண்டு ஊன்றுதடி வைத்திருந்தான், மடக்கி நீட்டுகிற வகை. "ஐயோ, இந்த வயசில ரெண்டு பொல்லோ?" என்று மாமி என்னைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயதில் நான் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். வழியில் தின்ன உளுந்து வடை கட்டித் தந்தாள். இரவில் பொரித்த பண்டம் கொண்டு போனால் பேய் மணம் பிடித்துப் பின்னால் வரும் என்று பொதிக்குள் ஒரு கரித்துண்டும் வைத்தாள். மருமகன் அதைக் கண்டுபிடித்து, "இங்கேயும் இது வந்துவிட்டதா? எங்கள் நாட்டில் வயிற்றுக்கு நல்லது என்று மருந்துக் கடையில் குளிசையாக விற்கிறார்கள்" என்று மிகுந்த மரியாதையோடு திருப்பி வைத்தான்.

கோயில் மணி ஓய்ந்த பிறகு இறங்கினோம். கூப்பிடாமலே நாயும் வந்தது.

படலை தாண்டியதும் நிலவை அண்ணாந்து பார்த்தான். மாரிகாலப் பறுவ நிலவு உச்சிக்கே ஏறிவிடும். கோடையில் வெயில் நிற்கிற இடத்தில் அது நிற்கும். எங்கள் நிழல் எங்களைவிடக் குட்டையாகக் கிடந்தது. நிலவுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு வெள்ளி. செவ்வாய்க் கிரகம் என்று தொலைபேசியைப் பிடித்துப் பார்த்துச் சொன்னான். உண்மைதான். அந்த மாதம் 16ஆம் தேதி செவ்வாய் பூமிக்குச் சூரியனின் நேர் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அதனால் அவ்வளவு வெளிச்சம். முப்பது வருடப் பூமிசாத்திரம் வீண்போகக் கூடாது என்று நான் விளக்கத் தொடங்க, படலையில் நின்ற மாமி, "செவ்வாய் இவனை விடாதாம், அங்கயிருந்து துரத்திக்கொண்டு வந்திருக்கு" என்றாள். மருமகனின் சாதகத்தில் செவ்வாய் தோஷம். பொருத்தம் பார்த்த இடமெல்லாம் அதிலேதான் முறிந்தது. ஐரோப்பாவில் இந்தப் பறுவத்தை ஓநாய் நிலவு என்பார்கள் என்று அவன் பேச்சை மாற்றினான். எங்களிடம் ஓநாய் இல்லை. நரி உண்டு, அதுவும் கோழிக்கூட்டைப் பார்த்துத்தான் ஊளையிடும்.

முதல் சோதனை பக்கத்து வளவில். அங்கே இருக்கும் அண்ணைக்குக் கொஞ்சம் காது மந்தம். பொங்கலுக்கு முற்றம் மெழுகத் தண்ணி இறைத்துக்கொண்டு நின்றவர் எங்களைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு வந்தார்.

"எங்க போறியள்?"

"நடக்கப் போறம், அண்ணை."

"எங்க?"

"ஓரிடமும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், இரண்டு தடியையும் பார்த்தார். இந்த ஊரில் இரவு பத்து மணிக்கு ஒருவர் வெளிக்கிட்டால் மூன்று காரணம்தான் உண்டு: பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, செத்தவீடு. நான்காவது காரணம் ஒன்று இருக்கிறது, அதற்கு மருமகனைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள். "ஆருக்கு என்ன?" என்று அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அப்போது மருமகன் உதவிக்கு வந்தான். அவன் பேர்ணில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன்; புத்தகத் தமிழ் தண்ணிபட்ட பாடு. நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக, "நாங்கள் இயற்கையை இரசிக்கச் செல்கிறோம், ஐயா" என்றான்.

அண்ணைக்கு முதல் ஒன்றரைச் சொல்தான் விழுந்தது. மரண அறிவித்தல்களைப் பத்திரிகையிலும் வானொலியிலும் ஒரு நாளும் தவற விடாதவர் அவர். இயற்கை என்ற சொல்லுக்குப் பின்னால் எய்தினார் என்பதைத் தவிர வேறொன்றும் வந்து அவர் கேட்டதில்லை. தோளில் கிடந்த துவாயைக் கையில் எடுத்தார். "எத்தினை மணிக்கு?" என்றார். மருமகன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பத்து மணிக்குப் புறப்பட்டோம்" என்றான். "என்னவோ, நோய் நொடியில்லாமல் போனதே பெரிய காரியம்" என்று சொல்லிவிட்டு அண்ணை உள்ளே போய்விட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். நாய் முன்னுக்கு ஓடிவிட்டது, அதன் பின்னால் மருமகன், அவன் பின்னால் வழிகாட்டி.

வன்னியில் வழிகாட்டியோடு பறுவ நிலவில் நடந்த பெரிய நடை ஒன்று சரித்திரத்தில் உண்டு. நடந்தபடியே அதை அவனுக்குச் சொன்னேன். 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளைக்காரரிடமிருந்து பிடித்தான். அதே வருடம் ஒக்ரோபர் 31, விடியப்புறம், மன்னாரிலிருந்து வந்த கப்டன் வொன் டிரிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் அவனைத் திடீரென்று வளைத்துக்கொண்டது. அந்த இடத்தில் நினைவுக் கல் நாட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான். காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தான் என்பது ஊர்க்கதை. நான் ஓய்வு பெற்ற பிறகு வேலையில்லாமல் ஒரு நாள் பிறைக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தேன். அந்த இரவு பறுவத்தை ஒட்டிய இரவு. நிலவு பட்டப்பகல்போல எறித்திருக்கும். மன்னாரிலிருந்து கற்சிலைமடு வரைக்கும் ஒரு படை அவ்வளவு தூரம் வந்திருக்கிறது. வழியில் ஒரு வேலிக்குள்ளிருந்து ஒரு கிழவியாவது "எங்க போறியள்?" என்று கேட்டிருந்தால் செய்தி முதல்நாளே கற்சிலைமடுவுக்குப் போயிருக்கும், வன்னியின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும். அந்த ஒரு இரவு கேட்காமல் விட்டதற்குத்தான் இருநூறு வருடமாக எல்லாரையும் மறித்துக் கேட்கிறார்களோ என்று எனக்கு ஒரு ஐமிச்சம்.

வயல் றோட்டுக்குத் திரும்பும் இடத்தில் இரண்டு ஆமிக்காரர் சைக்கிளில் வந்தார்கள். இருவரும் சின்னப் பெடியள். "எங்கே போறது?" என்றார் ஒருவர். எனக்கு வரும் சிங்களத்தில், "நிகங், நிகங்" என்றேன். அந்த மறுமொழி அவருக்குத் தன் மொழியிலும் விளங்கவில்லை. மருமகன் "மூன்லைட் ஹைக்கிங்" என்றான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சந்தேகப்படுவார்கள் என்று நான் எதிர்பார்க்க, அவர்கள் முகத்தில் வந்தது கவலை. மூத்தவர் பொலநறுவைப் பக்கத்துக் கமக்காரன் மகனாம். வயல் பக்கம் கையை நீட்டி, "அலியா இன்னவா" என்றார். யானை நிற்கிறது. பிறகு தமிழில், "ஐயா, வீடு போ. படு" என்றார். முப்பது வருடம் நான் மாணவருக்குச் சொல்லாத அளவு தெளிவான அறிவுரை.

அவர்களின் கவலை வீண் கவலை இல்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் 488 யானையும், யானையால் 184 மனிதரும் செத்தார்கள். இரண்டு பக்கமும் தோற்கிற ஆட்டம். காலபோக நெல் கதிர் தள்ளிப் பால் கட்டும் இந்த நாட்களில்தான் அந்த ஆட்டத்தின் முக்கிய பகுதி. இதை மருமகனுக்கு எடுத்துச் சொல்ல, அவன் யானையைப் பார்க்க முடியுமா என்று கேட்டான். என் தொலைபேசி அடித்தது. பேர்ணிலிருந்து தங்கச்சி. அங்கே பின்னேரம் ஆறு மணி.

"அண்ணை, ஆர் அண்ணை?" என்று அழுகைக் குரல். "ஆர் செத்தது? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

பக்கத்து வளவு அண்ணை தன் மகளுக்குச் சொல்ல, மகள் கனடாவில் இருக்கும் மச்சாளுக்குச் சொல்ல, மச்சாள் பேர்ணுக்கு எடுத்துத் துக்கம் விசாரித்திருக்கிறாள். நாங்கள் அரைக் கட்டை நடப்பதற்குள் செய்தி உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. ஒருவரும் சாகவில்லை, நடக்கத்தான் வந்தோம் என்றேன். "இந்த ராத்திரியில எங்க?" என்றாள். மகனிடம் போனைக் கொடுத்தேன். அவன் "அம்மா, நாங்கள் இயற்கையை" என்று தொடங்க நான் பறித்துவிட்டேன்.

வயல் வரம்பில் ஏறினதும் பனி முழங்கால் வரை நனைத்துவிட்டது. மருமகனின் சப்பாத்து எந்த மலையிலும் வழுக்காத சப்பாத்தாம். ஆனால் வரம்பு மலையில்லை. ஒரு சாண் அகலம். நடுவில் நண்டுப் பொந்து. இரண்டு பக்கமும் தண்ணி. மூன்றாம் வரம்பில் அவனுடைய இடதுகைத் தடி சேற்றுக்குள் போனது போனதுதான். இழுக்க இழுக்க அது நீண்டுகொண்டு வந்ததே தவிர வெளியே வரவில்லை. கடைசியில் கைப்பிடி மட்டும் வந்தது.

காவல் கொட்டிலில் அண்ணன் தம்பி இரண்டு பேர். நாலு மரக் காலில் பரண், மேலே கிடுகு, கீழே முதிரைக் கட்டை தணலாகப் புகைந்துகொண்டு இருந்தது. பக்கத்தில் வெட்டிய எண்ணெய்ப் பரல் ஒன்று தட்டுவதற்கு, வாளியில் யானை வெடி நாலு. எங்களைக் கண்டதும் மூத்தவர் எழும்பினார்.

"என்ன மாஸ்டர், எங்க இந்த நேரம்?"

நான் களைத்துப் போயிருந்தேன். "உங்களைப் பார்க்கத்தான் வந்தனாங்கள்" என்றேன். அந்த இரவில் நான் சொன்ன மறுமொழிகளில் இதை மட்டும்தான் கேட்டவர் உடனே ஏற்றுக்கொண்டார். இருக்கச் சொல்லி, போத்தலிலிருந்து பிளேன்ரீ ஊற்றித் தந்தார்கள். வடையைப் பிரித்தோம். கரித்துண்டை மூத்தவர் எடுத்துப் பத்திரமாகப் பரணில் செருகினார், அதை அவருக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"பெரியவர் இப்பதான் வந்திட்டுப் போனவர்" என்றார் இளையவர்.

"யார், கோயில் தலைவரா?" என்றான் மருமகன்.

"கறுத்தவர்."

"எந்தக் கறுத்தவர்?"

இளையவர் எழும்பி நின்று கையால் தும்பிக்கை பிடித்துக் காட்டினார். இரவில் வயலுக்குள் இருந்துகொண்டு பெயரைச் சொல்லி அழைப்பதில்லை, காது கேட்டால் வந்துவிடுவாராம். அன்றைக்குக் காது கேட்டுவிட்டது போலும். நாய் உறுமி, பின்பு உறுமலை விழுங்கி, என் காலுக்குள் புகுந்தது. வயலின் அந்தக் கரையில், மின்வேலிக்கு அப்பால், பாலை மரத்து நிழல் ஒன்று மரத்தை விட்டு நகர்ந்தது. நகர்ந்து, நின்றது. நிலவில் யானை பெரிதாகத் தெரியாது. இருட்டின் ஒரு பகுதி மற்றப் பகுதியைவிடக் கொஞ்சம் கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான். காது ஆடும்போது மட்டும் விளிம்பில் ஒரு வெளிச்சம் வந்து வந்து போகும். மூச்சு விடுவது இவ்வளவு தூரத்துக்குக் கேட்டது. மருமகன் தன் மூச்சை விட மறந்துபோனான்; அவன் கைக்கடிகாரம் இதயம் நூற்று நாற்பதில் அடிக்கிறது, கொஞ்சம் இளைப்பாறுங்கள் என்று சிணுங்கியது.

"தம்பி, பரலைத் தட்டு" என்றார் மூத்தவர்.

தட்டினான் பாருங்கள். சுவிற்சர்லாந்து இருநூறு வருடமாகச் சண்டைக்குப் போகாமல் சேர்த்து வைத்திருந்த பலம் முழுவதும் அந்தப் பரலில் இறங்கியது. இரண்டு சகோதரரும் கூக்குரல் வைத்தார்கள், நானும் வைத்தேன். மப்ளர் அவிழ்ந்து தணலுக்குள் விழுந்தது. ஒரு வெடி போட்டார்கள். கறுத்தவர் அவசரப்படவில்லை. மின்வேலிக் கட்டையை ஒருமுறை காலால் உரசிப் பார்த்தார், திரும்பினார், ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வங்கியிலிருந்து இறங்கும் ஆளைப்போல நடந்து போனார்.

பிறகுதான் மருமகன் அந்தக் கேள்வியைக் கேட்டான். இந்த நடைக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? அவனுக்கு அது மரியாதை. வழிகாட்டிக்குக் காசு கொடாமல் வருவது அவனுடைய ஊரில் வெட்கம். சகோதரருக்குக் கேள்வியே விளங்கவில்லை. சுவிஸில் இப்படி நிலவில் நடக்க ஆளுக்கு எண்பது பிராங்க் என்று நான் விளக்கி, ரூபாயில் பெருக்கிச் சொன்னேன். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேலே. இளையவர் தணலைக் கிண்டுவதை நிறுத்தினார். மூத்தவர் மெதுவாகக் கணக்குப் போட்டார். இந்த வரம்பில் அவர் பதினாறு வயதிலிருந்து காவலுக்கு நடக்கிறார். இரண்டு போகம், போகத்துக்கு ஒன்றரை மாதம், ஒரு இரவுக்கு மூன்று நாலு சுற்று. கணக்கு கோடிக்குள் ஏறினதும் விட்டுவிட்டார்.

"தம்பி, எங்களுக்குக் காசு வேண்டாம்" என்றார். "நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாளாக் கண் மூடேல்லை. நீர் விடியுமட்டும் இந்தப் பரலைத் தட்டும். நாங்கள் படுக்கிறம்."

படுத்தும்விட்டார்கள். எண்ணி இரண்டு நிமிடத்தில் குறட்டை. மருமகனுக்கு அப்படியொரு சந்தோஷம். கால் மணிக்கு ஒருமுறை எழும்பி, தொலைபேசியில் அலாரம் வைத்து, நேரம் தவறாமல் தட்டினான். நிலவு உச்சியைத் தாண்டி மேற்கே சாயச் சாய, எந்த யானையும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்க நினைத்த யானையும் இவ்வளவு ஒழுங்காகத் தட்டும் காவல்காரனை அதுவரை கண்டிருக்காது. விடியப்புறம் எழும்பிய மூத்தவர் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இவர் எத்தினை நாள் நிப்பார், மாஸ்டர்?" என்று என் காதுக்குள் கேட்டார். வெள்ளிக்கிழமை பிளைற் என்றேன். மனிசர் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

நாங்கள் படலைக்கு வரும்போது ஊரெல்லாம் பொங்கல் வெடி. எங்கள் முற்றத்தில் கோலத்தைச் சுற்றிப் பதினைந்து இருபது சனம், அதில் வெள்ளைச் சீலையோடு இரண்டு பேர், சீனிப் பையோடு ஒருவர். வேலியோரம் லாண்ட்மாஸ்டர் நின்றது. பெட்டியிலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார் பந்தல்காரர். பக்கத்து வளவு அண்ணை இரவோடு இரவாக ஐம்பது கதிரைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். பொங்கல் நாளில் கதிரைக்குத் தட்டுப்பாடு வருமாம். மாமி பொங்கல் பானைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒருவரும் சாகவில்லை என்பதை வந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நிரூபித்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் "இந்தா, அவரே வந்திட்டார்" என்றாள். வெள்ளைச் சீலை கட்டியிருந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்துபோனதுபோல எனக்குப் பட்டது.

பானை பொங்கியது. வந்தவர்களை எழுப்பி அனுப்ப முடியுமா? ஐம்பது கதிரையிலும் ஆளிருந்து, இரண்டாம் பானையும் வைக்க வேண்டி வந்தது. சீனிப் பை அதற்கு உதவியது. பந்தல்காரரும் ஒரு கதிரையை எடுத்துப் போட்டு வாழையிலையை மடியில் வைத்துக்கொண்டு, இறக்கினது இறக்கினதுதான், அரை நாள் வாடகை வேணும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மருமகன் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். கைக்கடிகாரத்தைத் தட்டிப் பிராங்கில் மாற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, சாப்பாட்டோடு சேர்த்து இது எங்கள் ஊர் நடையில் காற்பங்குகூட இல்லை, அடுத்த மாரிக்கு நண்பர்களையும் கூட்டி வரட்டா?" என்றான். பந்தல்காரர் வாயில் வைத்த பொங்கலை விழுங்கிவிட்டு, "எத்தினை கதிரை?" என்றார்.